வாரத்தில் மூன்று நாள் பழம்

மார்ச் 3, செவ்வாய்

பால் விலை மறுபடி ஏறிவிட்டது. எண்ணெய் போன வாரமே ஏறியது. அம்மா இப்போதெல்லாம் சட்டியில் எண்ணெய் ஊற்றுவதில்லை. துணியில் தொட்டுத் தடவுகிறாள். மானிய அட்டைக்கு மட்டும் இன்னும் பழைய விலையில் அரை லிட்டர் பால் கிடைக்கிறது. அது முழுக்கத் தங்கைக்கு. பத்து வயதாகிறது, கை குச்சி மாதிரி இருக்கிறது.

என் வேலை, குடும்பச் செலவுக் கணக்கெடுப்புப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது. யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதி வருவார்கள். அதை வைத்துத்தான் எந்தத் தெருவுக்கு மானியம் தொடரும் என்று முடிவாகும்.

மார்ச் 5, வியாழன்

காய்ச்சல். விடுப்பு. இன்றைக்கென்று எங்கள் தெருவில் கணக்கெடுப்பு. வந்தவர் என் பக்கத்து மேஜைக்காரர்.

"அட, நம்ம மேடம் வீடா!"

அவ்வளவுதான், அம்மாவின் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"பழம் வாங்குவீங்களாம்மா?"

"வாரத்துல மூணு நாள் சார்."

"முட்டை?"

"தினமும். சின்னவளுக்கு முட்டை இல்லாம சோறு எறங்காது."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கலாமே—ஏன் திறக்கவில்லை?

அவர் போனதும் அம்மாவிடம் கேட்டேன். "உன்கூட வேலை பாக்குறவருகிட்ட பட்டினி கிடக்கோம்னு சொல்லவா? நாளைக்கு அவரு மூஞ்சில எப்படிடி முழிப்ப?" என்றாள்.

கிடங்குக்கு மூட்டை தூக்கக் கிளம்பிய அப்பா சிரித்தார். "மூணு நாளோட விட்டியே. ஏழுன்னு சொல்லியிருந்தா பழக்கடையே நம்மளதுன்னு எழுதியிருப்பாரு."

மார்ச் 16, திங்கள்

எங்கள் தெருப் படிவங்கள் என் மேஜைக்கே வந்தன. மூலை வீட்டுத் தையல்காரர் வெண்ணெய் வாங்குகிறாராம். போன மாதம் மிஷினை விற்றவர்! பக்கத்து வீட்டு அக்கா வாரம் இரண்டு தடவை மீன் வாங்குகிறாராம். தெருவே அம்மாவின் குரலில் பேசியிருக்கிறது.

நானாகத் திருத்தினால் மோசடி. சொல்லிவிடுவது என்று மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றேன். "என்னம்மா?" என்றார். பக்கத்து மேஜைக்காரரும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்டேப்ளர் பின் வேணும் சார்."

பழம் 3. முட்டை 7. ஏற்றிவிட்டேன். படித்த பெண். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி.

ஏப்ரல் 22, புதன்

அறிக்கை வந்துவிட்டது. விலைவாசி உயர்ந்தும் எங்கள் பகுதியில் உணவுத் தரம் 'திருப்திகரம்'.

மே 4, திங்கள்

பால் சாவடியில் எங்கள் தெரு அட்டைகளை வாங்கி, ஓரத்தைக் கத்தரித்து, இனி செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார்களாம். அம்மா காலிப் பாத்திரத்தோடு வந்தாள்.

"எந்தப் படுபாவி இப்படி எழுதி அனுப்புனானோ, அவன் கை வெளங்காது!"

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

மே 8, வெள்ளி

இன்று காலை தங்கைக்கும் பால் இல்லாத டீதான். தம்ளரை நீட்டிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு இதுதாம்மா பிடிக்கும். பாலு குமட்டுது."

முகத்தில் ஒரு சுளிப்பில்லாமல் குடித்து முடித்தாள்.