நான் போடாத கையெழுத்து

அண்ணே,

இன்று காலை செலின் மாசி இடித்தாள். நீங்கள் கொழும்புக்குத் திரும்பிப் போன பிறகு இந்த வீட்டில் மாசிக் கருவாடு வாங்கியதே இல்லை. கொல்லையில் உலக்கைச் சத்தம் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வற்றல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து அந்த வாடை முன்னறைக்கு வந்தபோது நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்கு இப்ப இது?" என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணன் செத்த நாளு இன்னைக்கு. ஒங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னுதான் இடிச்சேன்," என்றாள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் இருப்பது என் குணம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷம் நீங்கள் வந்தீர்கள். நாள் முழுவதும் கல் லாரிகள் போய் ஊரே தூசியாக இருந்தது. ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, பாஸ்போர்ட்டில் ஒரு வருஷத்து விசா. பதினேழு வயதில் போனவர், ஐம்பத்தைந்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அண்ணியைக் கொழும்பிலேயே அடக்கம் செய்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல் திரும்பியிருந்தீர்கள். ரயிலடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏலே தம்பி, ஒனக்கும் நரைச்சிட்டா?" என்று கேட்டீர்கள். நீங்கள் போகும்போது எனக்கு ஐந்து வயது.

சங்கு குளிக்கப் போன அப்பா ஒரு நாள் மேலே வரவில்லை. அதற்கடுத்த மாதம் நீங்கள் தோணியில் ஏறினீர்கள். அன்றைக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது, விசாவும் கிடையாது. பக்கத்துத் தெருவுக்குப் போவது போலக் கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு தேயிலைக் கிட்டங்கியில் மூட்டை எண்ணும் வேலைக்குச் சேர்ந்தீர்கள். பிறகு இரண்டும் இரண்டு நாடாயிற்று. அந்த நாட்டுப் பிரஜையாக இருந்தால்தான் வேலை என்று முதலாளி சொன்னபோது நான் பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா படுத்த படுக்கை. நீங்கள் யோசிக்காமல் அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தப் படிப்பால்தான் எனக்கு சர்க்கார் குமாஸ்தா வேலை கிடைத்தது. இதையெல்லாம் உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன்? உங்களுக்குத் தெரியாததா? எனக்காகத்தான் எழுதுகிறேன். மறந்தது போல இருந்தவன் நான்தானே.

முதல் வருஷ முடிவில் விசாவை நீட்டிக்கத் திருநெல்வேலிக்கு இரண்டு பேரும் போனோம். ஆறு போட்டோ, நாலு படிவம். கவுண்டரில் இருந்த குமாஸ்தா சின்ன வயசுக்காரர்.

"பிறந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"அப்பா?"

"தூத்துக்குடி."

"அம்மா?"

"புன்னைக்காயல்."

"பெறவு எதுக்கு அண்ணாச்சி ஒமக்கு விசா?" என்று சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். ஒரு வருஷத்துக்கு முத்திரை விழுந்தது. வெளியே வந்து சோடா குடிக்கும்போது, "இன்னும் ஒரு வருசம் நான் இந்த ஊர்க்காரன்னு எழுதித் தந்துட்டான்லே," என்றீர்கள். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

ரேஷன் கார்டில் உங்கள் பேரைச் சேர்க்க மாட்டேன் என்றார்கள். வெளிநாட்டுக்காரருக்குச் சர்க்கரை கிடையாதாம். நீங்கள் வெறும் தேயிலைத் தண்ணீரில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தீர்கள், அதுதான் பிடிக்கும் என்று செலினிடம் பொய் சொன்னீர்கள். ரொட்டிக் கடையில் வாய் தவறிப் 'பாண்' என்று கேட்பீர்கள். கடைக்காரர், "பிரட்டுன்னு சொல்லும் சிலோன்காரரே," என்று திருத்துவார். அப்பா பிறந்த தெருவில் உங்களுக்கு அந்தப் பேர்தான் நிலைத்தது. கொழும்பில் உங்களை இந்தியாக்காரன் என்றுதான் சொல்வார்கள் என்று ஒருமுறை சொன்னீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி நீங்கள் பேசவில்லை.

காலையில் மீன் வாங்கி வருவீர்கள். மாசிச் சம்பல் இடிக்கச் செலினுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். மத்தியானம் என் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்து வருவீர்கள். பியூன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. வாருங்கள் என்று நான் கூப்பிட்டதும் இல்லை.

கல்லறைத் திருநாளன்று புன்னைக்காயலுக்குப் போனோமே, அம்மா கல்லறைக்கு. அம்மா செத்தபோது உங்களால் வர முடியவில்லை. ஆற்று முகத்திலிருந்து வீசிய காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. குடையை விரித்து மறைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள் வந்தார்.

"ஊரை விட்டுப் போனா ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவணும்லா?"

"அம்மா கல்லறைக்குப் போனேன் சார். இந்தா இருக்க புன்னைக்காயல்தானே."

"எந்த ஊரா இருந்தா என்னவே? நீரு ஃபாரினர். சொல்லிட்டுத்தான் போவணும்."

நீங்கள் வாசலில் கை கட்டி நின்றீர்கள். நான் உள்ளறையில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வர எவ்வளவு நேரமாகும்? அவர் சைக்கிள் ஏறிப் போனபிறகுதான் வந்தேன். "யாரு வந்தா?" என்று வேறு கேட்டேன். "அட்ரஸ் கேட்டு வந்தவன்லே," என்று சொல்லிவிட்டீர்கள்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. இந்தக் கடற்கரையில் சிலோன் என்ற வார்த்தையைச் சொன்னாலே கள்ளக்கடத்தல் என்று பார்த்தார்கள். கொழும்புத் துணியும் கிராம்பும் விற்றவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வருஷம்தான் விசா ஆபீசில் புதிதாக ஒன்று கேட்டார்கள். 'இவருடைய நடத்தைக்கு நான் பொறுப்பு' என்று உள்ளூரில் சொந்த வீடுள்ள ஒருவர், அல்லது அரசு ஊழியர் ஒருவர், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் இரண்டுமாக இருந்தேன்.

நீங்கள் அந்தத் தாளைப் பூர்த்தி செய்து என் மேசையில் வைத்தீர்கள். நான் 'நாளைக்கு' என்றேன். மறுநாள் பேனாவில் மை இல்லை என்றேன். அதற்கடுத்த நாள் ஆபீசில் தணிக்கை என்றேன். எனக்கு அப்போது பதவி உயர்வு வர வேண்டிய நேரம். ஹெட் கிளார்க் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒம்ம வீட்டுல ஒரு சிலோன் பாஸ்போர்ட் இருக்காமே? பாத்து நடந்துக்கிடும்," என்று சொல்லியிருந்தார். அதை உங்களிடம் சொல்லியிருந்தால்கூடப் போதும். சொல்லவில்லை.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையுங்களேன்," என்று செலின் கேட்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. ஆளப் புடிச்சு உள்ள போடுதான்," என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

கடைசி நாளன்று நீங்கள் தூக்குச்சட்டியோடு அந்தத் தாளையும் எடுத்து வந்தீர்கள். பியூன் இல்லை. முதல் தடவையாக ஆபீசுக்குள் வந்து, என் மேசைக்கு நாலடி தள்ளித் தயங்கி நின்றீர்கள். ஹெட் கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருவே அது? ஒமக்கு என்ன வேணும் அவரு?"

ஆபீசில் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நான் உங்களைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "தெரிஞ்சவரு சார்."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் கோபப்படவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தீர்கள். தூக்குச்சட்டியை என் மேசையில் வைத்துவிட்டு ஹெட் கிளார்க்கிடம், "ஆமா சார், தெரிஞ்சவருதான். சின்னப் பிள்ளையில இருந்தே தெரியும். சாப்பாடு குடுத்துவிட்டாவ, கொண்டாந்தேன்," என்றீர்கள். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றைய சாப்பாட்டை நான் சாப்பிட்டேன். மீன் குழம்பு. சட்டியைக் கழுவியும் வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது செலினிடம் நீங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் உளறினேன். அவள் என்னைத் திட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு தனியாகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். வீடு புருஷன் பேரில் இருக்கிறது, அவர் கையெழுத்துத்தான் செல்லும், வேண்டுமானால் பதினைந்து நாள் தவணை தருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். வந்து தாளை என் முன்னால் வைத்து, பேனாவையும் திறந்து வைத்தாள். நான் எடுத்திருக்கலாம். அதற்குள் நீங்கள் குறுக்கே வந்து, "வேண்டாம்மா. அவன் பொண்டாட்டியோட குடும்பம் நடத்துதவன். எனக்கு அங்கன பென்ஷன் கெடக்கு, நான் பாத்துக்கிடுதேன்," என்று பேனாவை மூடினீர்கள்.

நீங்கள் மூட விட்டேன், அண்ணே. அவன் ஆபீசில் உளறியது பயத்தில் என்று யாராவது எனக்காகச் சொல்லக்கூடும். வீட்டில், நாலு சுவருக்குள், பேனா மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு என்ன சொல்வார்கள்? எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை.

மண்டபம் வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில், ராமேஸ்வரத்தில் கப்பல். பஸ்சில் உட்கார்ந்துகொண்டு, "சலவைக்குப் போட்ட ரெண்டு சட்டை வரணும்லே. வந்தா நீ போட்டுக்கோ, ஒனக்குச் சரியா இருக்கும்," என்றீர்கள். நீங்கள் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். செலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கொழும்பில் உங்களுக்கு யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. ஒரு முஸ்லிம் பெரியவர் வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கினீர்கள். மாதம் ஒரு கடிதம் செலின் பேருக்கு வரும். மழை, மீன் விலை, முழங்கால் வலி. கடைசி வரியில், 'தம்பியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.' எட்டாவது மாதம் கடிதம் வரவில்லை, தந்தி வந்தது.

அடக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் எனக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வாங்க ஆபீசில் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். ஹெட் கிளார்க் என் விண்ணப்பத்தைப் படித்தார். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'உடன்பிறந்த அண்ணன்' என்று எழுதியிருந்தேன். சர்க்கார் தாளில் அப்படி நான் எழுதியது அதுவே முதல் தடவை. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தத் தாள் மேசை மேசையாகப் போய்த் திரும்புவதற்குள் உங்களுக்கு நாற்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. அந்த வருஷக் கடைசியில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. நம்புவீர்களா, செலின் அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை.

இப்போது பாஸ்போர்ட் இருக்கிறது. உங்கள் கல்லறையையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று இந்த வருஷம் அங்கே போக விசாவுக்கு எழுதினேன். சென்னையிலிருந்து படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: இலங்கையில் உங்களுக்குப் பொறுப்பேற்பவர் யார்? கடிதம் இணைக்கவும்.

படிவத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள், வேறு வழியில்லாமல், தந்தி கொடுத்த அந்த வீட்டுக்காரப் பெரியவருக்கு எழுதினேன். என்னை அவர் பார்த்ததே இல்லை. பன்னிரண்டாம் நாள் பதில் வந்துவிட்டது. பொறுப்புக் கடிதத்தில் கையெழுத்து, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. கூடவே ஒரு துண்டுத் தாளில் நாலு வரி: "உங்கள் காக்கா எட்டு மாதம் எங்கள் வீட்டு மாடியில் இருந்தார். நல்ல மனிதர். அவருடைய தம்பி என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது போதும். வந்தால் எங்கள் வீட்டிலேயே தங்கலாம்."

காக்கா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். செலின் அதை இரண்டு தடவை வாசித்தாள். "முகம் தெரியாத மனுசன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வருகிற புதன்கிழமை கிளம்புகிறேன். முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வந்து உங்கள் முன்னால் நின்று என்ன சொல்வது என்று இத்தனை நாளாக யோசித்தும் பிடிபடவில்லை. ஒருதரம், ஒரே ஒருதரம், என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். அது இல்லாததால் அந்த நாள் இன்னும் முடியாமல் என் மேல் கிடக்கிறது.

மன்னிப்புக் கேட்க வரவில்லை, அண்ணே. கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். அதை வாங்கிக்கொண்டு இந்த ஊருக்குத் திரும்பி வர என்னால் முடியாது.

தம்பி