இடது தோளில் திரும்பி நின்ற ஆடு

என் உயிரான அண்ணே,

நீ போய் இது மூன்றாவது குளிர்காலம். தில்லியில் மூச்சு விடவே யோசிக்க வேண்டியிருக்கிறது. கண்டோன்மென்ட் பக்கத்து நம் கடை நன்றாகத்தான் ஓடுகிறது. பெல்ட், பொத்தான், தோள் சின்னம் எல்லாம் போகிறது. உன் படைப்பிரிவின் ஆட்டுச் சின்னத்தைக் கேட்டு யாராவது வந்தால் மட்டும் கடைப் பையனை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சின்னத்தின் கதையை நீதான் சொன்னாய். சமவெளிக்காரர்களைப் படையாகத் திரட்டி மலைக்கு அனுப்பிய முதல் வருஷம், பனியில் வழி தவறியவர்களுக்கு முன்னால் ஒரு மலையாடு நடந்ததாம். அதன் கால்தடம் பிடித்து இறங்கினார்களாம். பச்சைத் துணி பள்ளத்தாக்கு, வெள்ளைக் கோடு பனி. "ரெண்டு தோள்லயும் ஆடு முன்னாடிதாம்ல பாக்கணும். எதிரிக்கு முதுகு காட்டுத ஆடு இல்லல அது" என்பாய். அதனால்தான் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ஜோடியாக நெய்கிறார்கள். "ஜோடி பாத்து வாங்குங்க" என்று எத்தனை சிப்பாய்களுக்குச் சொல்லியிருப்பேன்!

பணியில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் கண் மூடினாய். உனக்குப் புதுச் சீருடை தைத்து எடுத்து வந்தவன் நான். அவசரத்தில் டப்பாவிலிருந்து இரண்டு சின்னம் உருவினேன். இரண்டும் வலது தோளுக்கானவை. கடைசியாக எடுத்த புகைப்படம் கைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். அதற்குள் நீ சாம்பல். வேறு யாராவது கவனித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் மயூர் விஹார் வீட்டில் உன் மகள் அந்தப் படத்தைக் காட்டினாள். "சித்தப்பா, இந்தத் தோள்ல இருக்குற ஆடு மட்டும் ஏன் பின்னாடி பாக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "அச்சா, எனக்குத் தெரியும். கடைசியா போறவங்களுக்கு இப்படித்தான் வைப்பாங்க, இல்ல? அப்பா என்னைத் திரும்பிப் பாத்துக்கிட்டே போயிருக்காரு."

தாயும் இல்லாத பெண். "ஆமாம்மா" என்றேன். கழுத்தில் போட்டுக்கொள்ள, அதே மாதிரி திரும்பிப் பார்க்கும் ஆடு ஒன்று வெள்ளியில் வேண்டுமாம்.

சொன்னால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் எதிரிக்கு முதுகு காட்டாமல் முப்பது வருஷம் நீ காத்த மானம்? உன்னைக் கேட்கக்கூட வழியில்லையே, அண்ணே. அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாளைக்கு நகை செய்யும் ஆசாரியைப் பார்க்கப் போகிறேன். அவள் கேட்டபடியே செய்து கொடுப்பேன். நான் இருக்கும்வரை அவள் நம்பிக்கையை யாரையும் கலைக்க விடமாட்டேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம்.

உன்னோடு பிறந்தும் உனக்கு இதைச் செய்த
தம்பி