மஞ்சள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நான்காவது கோல்

மைனி,

நேற்றுப் போட்டிருந்த சுடிதாரை இன்னும் நனைக்கவில்லை. சிலுவை நிற்கும் குருசடி முக்கில் பையன்கள் கொளுத்திய சரவெடியின் வாசம் அதில் அப்படியே இருக்கிறது. காலையிலிருந்து அதை வாளிப் பக்கம் கொண்டுபோவதும் திரும்பக் கொடியில் போடுவதுமாக இருக்கிறேன். மார்த்தாண்டம் துணிக்கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

நம் ஊர் கோப்பையை அடித்துவிட்டது, மைனி. மூன்று கோல் வாங்கிவிட்டு, பிறகு நான்கு போட்டு ஜெயித்தார்கள். அதுவும் உன் பிறந்த ஊரை. இதை உன் காதுக்குள் வந்து கத்தியிருக்க வேண்டும். அடுக்களை வரைக்கும் வேகமாகத்தான் போனேன்.

நீ அண்ணனைக் கட்டி வந்த முதல் வாரமே திருவிழாப் பந்தாட்டம் வந்தது. அண்ணனைத் தவிர வீட்டில் எல்லோரும் நீல ரிப்பன் கட்டிக்கொண்டு கிளம்ப, புதுப்பெண்ணான நீ பெட்டியைத் திறந்து மஞ்சள் ஷாலை எடுத்துப் போட்டாய். அம்மா திகைத்து நின்றாள். "வீடு மாறியாச்சு மாமி. டீமு மாறுமா?" என்றாய். அன்றைக்கு உன்மேல் வந்த கோபத்தில்தான் நாம் சிநேகிதிகள் ஆனோம்.

அதன்பிறகு எல்லா வருடமும் மைதானத்து வாசல் வரை ஒரே குடைக்குள் போவோம். வாசலில் நீ மஞ்சள் பக்கம், நான் நீலப் பக்கம். ஆட்டம் முடிந்ததும் அதே வாசலில் சேர்ந்து, வீடு வரை சண்டை. நீங்கள் தோற்ற அன்று மீன்குழம்பில் உப்பு இருக்காது. கேட்டால், "நாக்கு செத்துப் போச்சு, ஏட்டி. எனக்கொண்ணும் தெரியல்ல" என்பாய். நாங்கள் தோற்ற அன்று கப்பைக் கிழங்கும் மீனும் மணக்க மணக்க வைத்துவிட்டு, என் தட்டில் மட்டும் இன்னொரு கரண்டி போடுவாய். அந்த இரக்கத்தை என்னால் தாங்கவே முடியாது.

போன வருடம் நீ நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். நான் ஃபோனைத் தூக்கிப் பிடிக்க, கட்டிலில் சாய்ந்தபடி ஆட்டம் பார்த்தாய். உன் ஊர் எங்களை அடித்துத் துவைத்தது. "கைய ஆட்டாத, பந்து தெரியல்ல" என்று என்னை அதட்டினாய். முடிந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்த வருசம் வா, பாக்கலாம்" என்றாய்.

நான் வந்தேன். தனியாகக் குடை பிடித்துக்கொண்டு.

முதல் பாதியைப் பற்றி என்ன சொல்ல? உன் ஊர்ப் பையன்கள் பறந்தார்கள். நம் தடுப்பாட்டக்காரர்கள் வழி கேட்டு நிற்கிறவர்களைப் போல நின்றார்கள். மூன்றாவது கோல் விழுந்தபோது என்னால் அங்கே இருக்க முடியவில்லை. இடைவேளையில் எழுந்து மைதானத்தைச் சுற்றி நடந்தேன். சாயாக் கடையைத் தாண்டும்போது மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே அண்ணனைப் பார்த்தேன். பந்து உருண்டையா சதுரமா என்றுகூடக் கவலைப்படாத அண்ணன்! நாம் எத்தனை தடவை கூப்பிட்டும் மைதானத்துக்கு வராமல் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவன். உன் மஞ்சள் ஷாலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

எனக்குத் தலைக்கேறியது. கூட்டத்துக்குள் புகுந்து அவன் முன்னால் நின்றேன்.

"அண்ணே, இஞ்ச என்ன செய்யுத? நாம தோத்துக்கிட்டு இருக்கோம்."

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவளுக்க பக்கம் ஒரு ஆளு வேண்டாமா?" என்றான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போக வேண்டும் என்று நினைப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் கோல் கார்னரில் இருந்து தலையால் வந்தது. கத்த வந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அடுத்தது பெனால்டி. பல்லைக் கடித்தேன். தூரத்தில் நீலப் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் இருக்க வேண்டிய இடம் அது. மூன்றாவதில் உங்கள் கோலியின் கையிலிருந்து பந்து நழுவி உள்ளே உருண்டது. திரும்பிப் பார்த்தால், சில முகங்கள் உன் அடக்கத்துக்கு வந்தவை. அவர்கள் தோற்க வேண்டும் என்று எனக்குள்ளே ஒருத்தி குதித்துக்கொண்டிருந்தாள். அந்த முகங்களைப் பார்க்கவும் அவளால் முடியவில்லை. இப்படி ஒரு அவஸ்தையை எந்த ஆட்டத்திலும் நான் பட்டதில்லை, மைனி.

ஆட்டம் முடியப்போகிற நேரம். நம் பையன் இடப்பக்கமிருந்து உள்ளே வெட்டி அடித்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப, இன்னொருவன் தட்டிவிட்டான். நான்கு. மைதானமே இடிந்து விழுந்த மாதிரி சத்தம். எனக்குச் சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது, நிறுத்த முடியாமல்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தலையில் மஞ்சள் ரிப்பன், திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"கரையாத மக்கா. பந்து களின்னா அப்பிடித்தான். அடுத்த வருசம் நம்ம பயலுவ எடுப்பானுவ."

நான் நீலம் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமா, எடுப்பானுவ" என்றுதான் வந்தது. அவள் கையை விட எனக்கு மனமே இல்லை.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான். "ஜெயிச்சது நம்ம ஊராக்கும். பொறவு எதுக்கு கரைஞ்ச?"

"நீ எதுக்கு கரைஞ்ச?" என்று கேட்டேன். அவன் ஷாலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். குருசடியில் ஆடிக்கொண்டிருந்த பெண்கள் என்னை இழுத்தார்கள். இரண்டு சுற்று ஆடினேன். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜெயித்தவளைப் பார்த்து முகம் கோண ஒருத்தி வேண்டாமா? எல்லோரும் நீலமாக இருக்கிற இடத்தில் எனக்கு ஆட்டம் ஓடவில்லை.

இன்று காலையில் சாயா குடிக்கும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"ஏட்டி, இந்த ஆஃப்சைடுன்னா என்னவாக்கும்?"

"உனக்கு எதுக்கு?"

"அவளுக்க ஊருக்காரனுவ அந்த நாலாவது கோலு ஆஃப்சைடுன்னு சொல்லுதானுவ. வெவரம் தெரியாம நான் எப்பிடிச் சண்ட போடுவேன்?"

தரையில் வெங்காயங்களை ஆளாக வைத்து, பந்து வருமுன் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்கக் கூடாது என்று விளக்கினேன். அவன் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு ஒரு வெங்காயத்தை ஒரு விரல் அளவு முன்னால் நகர்த்தினான்.

"இவன் இஞ்சயில்லா நின்னான்? அப்போ ஆஃப்சைடுதான."

எனக்கு வந்ததே ஆத்திரம்! பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவனும் விடவில்லை. சாயா ஆறிப்போனது. அவன் கரைக்குப் போய் நேரமாகிவிட்டது. நான் இன்னும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, அவன் நகர்த்திய வெங்காயத்தைப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கிறேன். வாதம் எல்லாம் உன்னிடம்தான் நடக்கிறது.

மைனி, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், உன் ஆட்களோடு உட்கார்ந்து பார்த்தேன். அது ஆஃப்சைடு இல்லை.