ரீனாவுக்கு ஒரு கோயில்

ஜூலை 12, சனி

காலையிலிருந்து மூட்டம். பெய்யவில்லை. காற்று மட்டும் பலம். கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து மாடியில்.

செய்ய வேண்டியது: கேஸ் புக் பண்ண. ரேஷன். டெய்லரிடம் பிளவுஸ் வாங்க. ரீனாவுக்குக் கோயில் தேட.

கடைசி வேலை நேற்று ராத்திரிதான் தலையில் விழுந்தது. பெங்களூரிலிருந்து மகள் ரீனா போன். மாப்பிள்ளை ஆலன் மங்களூர்ப் பையன், நம்மைப் போல கத்தோலிக்கம், அந்த மட்டும் நிம்மதி. செப்டம்பரில் கல்யாணம் என்று இரண்டு பக்கமும் பேசியாகிவிட்டது. எங்கே என்பதுதான் பாக்கி.

"டெஸ்டினேஷன் வெடிங்மா. மலைப் பக்கமா ஒரு பழைய கோயில். அம்பது அறுவது பேரு போதும். செலவு கம்மியா இருக்கணும்."

மலையும் வேண்டும், பழசும் வேண்டும், செலவும் கூடாது. தர்மபுரியில் நம்ம கோயில் என்ன பாவம் செய்தது, மாடியில் நின்றால் வத்தல்மலை தெரிகிறதே என்றேன். "வெளையாடாதம்மா" என்று வைத்துவிட்டாள். நான் விளையாடவில்லை.

பிளவுஸ் கை டைட். திருப்பிக் கொடுத்தாச்சு.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஏற்காட்டுக்குப் போன். சத்துணவு அமைப்பாளருக்கு அங்கேதான் கொஞ்சம் தனிமை.

முதல் கோயிலில் எடுத்தவர், பங்கு மக்களுக்குத்தான், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களுக்குத்தான் முதல் உரிமை என்றார். சரிங்க. அலங்காரம் அவர்கள் சொல்லும் ஆள்தான் செய்யணும். சரிங்க. பாட்டுக் குழு, வீடியோ, எல்லாம் அவர்கள் சொல்லும் ஆள். தொகை சொன்னார். சரிங்க என்று வரவில்லை வாயில். இன்னொரு கோயிலில் செப்டம்பர் முழுக்க முடிந்துவிட்டதாம். மூன்றாவதில் போனே எடுக்கவில்லை.

சமையல்காரம்மா முருகம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே நான் பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாள். "ஏங்க்கா, சாமி ஒண்ணுதானேங்க? இங்க இருக்கற சாமி அங்க போனா வெல ஏறிடுமா?"

முட்டை இன்று நான்கு உடைசல்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. கல்யாண மண்டபத்துப் பக்கம் சத்தமே இல்லை.

இவரிடம் பேசிப் பார்த்தேன். எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

அரூரில் இருந்தவரை இவர் நல்ல குடி. குடித்துவிட்டும் கோயிலுக்கு வருவார், கடைசி பெஞ்சில் தூங்குவார். இங்கே தர்மபுரிக்கு வந்த பிறகு லாரி பட்டறையில் கூட வேலை செய்பவர் ஒரு சபைக்கு அழைத்துப் போனார். ஷீட் போட்ட கூடம், கைதட்டி ஜெபம். குடியை விட்டார். குடியோடு கோயிலையும் விட்டார். மாதா சிலை, சுரூபம் வைத்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பங்குக் கோயில் படியை இவர் ஒரு நாளும் ஏறியதில்லை. "வூட்டுக்காரரு வரலீங்களா?" என்று கேட்பவர்களுக்கு "வேலைங்க" என்பேன். ஆறு வருஷமாக வேலை.

"பொண்ணு கல்யாணத்துக்காவது உள்ள வருவீங்களா?"

"ஜெபத்துல வெச்சிருக்கேன்."

"ஜெபத்துல இருக்கட்டும். வருவீங்களா?"

"என்னைய இக்கட்டுல வெக்காதம்மா" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. முன்பெல்லாம் திட்டலாம், தட்டைத் தூக்கி எறியலாம். இப்போது குடிக்காத, அடிக்காத, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? அந்தச் சபையைத் திட்டவும் வாய் வரவில்லை. எனக்குப் புருஷனைத் திருப்பிக் கொடுத்ததே அவர்கள்தான்.

கேஸ் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

ரீனா நேற்றே வந்துவிட்டாள். விடியலில் பஸ். பாலக்கோடு, மாரண்டஹள்ளி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் என் நல்ல சேலை. வழியெல்லாம் டிரைவர் போனில் கன்னடத்தில் யாரையோ வைதுகொண்டே வந்தார்.

சின்னக் கிளைக் கோயில். ஓட்டுக் கூரை, பக்கத்தில் ஒரு புளியமரம், பின்னால் மலை. மாதம் இரண்டு ஞாயிறுதான் பூசை. இன்று இருந்தது. முப்பது குடும்பம் இருக்கும், எல்லாரும் காடு தோட்டத்தில் வேலை செய்பவர்கள். சாமியார் சின்ன வயசு. "உங்களால முடிஞ்சத உண்டியல்ல போடுங்க. கோயிலக் கூட்டறவங்களுக்கு மட்டும் ஒரு சேல எடுத்துக் குடுங்க" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ரீனா நாலு மூலையிலும் நின்று போட்டோ. ஆலனுக்கு அனுப்பினாள். பிறகு வெளியே செருப்பைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "இங்கன்னா அப்பா ஏன் உள்ள வரலன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கம்மா."

மலையும் பழசும் இதற்குத்தானா. சொல்லியிருக்கலாம் என்னிடம். சொன்னால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்.

கிளம்பும்போது சாமியார் பின்னாலேயே வந்தார். "சொந்தப் பங்குல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு, அந்தச் சாமியார்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க."

"வாசிச்சே ஆவணுமா ஃபாதர்?" ரீனா.

"ஊருக்குத் தெரியறதுக்குத்தானேம்மா ஓலையே."

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், அப்பா பேர், அம்மா பேர், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பூசையில் மைக் வைத்து வாசிப்பார்கள். இத்தனை பூசை பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. எந்த ஊரில் போய் ஒளிந்து கல்யாணம் செய்தாலும் ஓலை இங்கேதான். மாரண்டஹள்ளியில் பீன்ஸ் மலிவு, ஒன்றரைக் கிலோ.

ஜூலை 23, புதன்

கோயில் ஆபீஸ். சாமியார் இல்லை, சேலத்தில் மீட்டிங். சாமியாருக்குத் துணையாக ஆபீஸ் பார்க்கும் உபதேசியார் புதுசு, ஈஸ்டருக்குப் பிறகு வந்தவர். நல்ல மாதிரி, காபி வேண்டுமா என்று கேட்டார். பேர்களைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். கோயிலில் வைத்திருக்கும் எங்கள் குடும்ப அட்டையைப் பார்த்துவிட்டு, "தனியாவே நின்னு பொண்ணப் படிக்க வெச்சிருக்கீங்க" என்றார். தலையாட்டினேன். பாதி உண்மைதானே.

கேஸ் வந்தது.

ஜூலை 26, சனி

ரீனா வரவில்லை, லீவு இல்லையாம். அதுவும் நல்லதுதான். நாளைக்கு முதல் ஓலை. பூ வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன், இரண்டு முழம் மல்லி. இவர் பார்த்தார்.

ஜூலை 27, ஞாயிறு

ஒழுங்காக எழுதணும்.

பிரசங்கம் முடிந்து உபதேசியார் மைக்குக்கு வந்தார். நிறுத்தி நிதானமாக வாசித்தார். "நம் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சவரிமுத்து, ஸ்டெல்லா மேரி தம்பதியரின் மகள்..."

காலஞ்சென்ற.

காதில் அதற்குப் பிறகு எதுவும் ஏறவில்லை. இங்கே குடும்ப அட்டை பெண் பேரில் இருந்தால் விதவை வீடு என்று அர்த்தம். இவர் வர மாட்டேன் என்றதால் அட்டையை நான்தான் என் பேரில் போட்டேன். உபதேசியார் மேல் தப்பு என்ன இருக்கிறது.

எழுந்து நின்று "சாகலைங்க, இருக்கறாரு" என்று சொல்லியிருக்கணும். எழுந்திருக்க முடியவில்லை.

பூசை முடிந்ததும் கைக்கு ஒருத்தராகப் பிடித்துக்கொண்டார்கள். "எப்பங்க்கா? ஒரு வார்த்த சொல்லல?" ஆறு வருஷமாக "வரலீங்களா" என்று கேட்ட அதே வாய்கள், இன்று எவ்வளவு இதமாக. ரோஸ்லின் அக்கா, "எதுக்கு எங்கியோ மலையடிவாரத்துல? ஆம்பள இல்லாத வூடு, நாங்கல்லாம் நிக்கறோம், நம்ம கோயில்லயே வெய்யிங்க" என்றார். சொல்லிக்கொண்டே அவர் கண் என் தலைப் பூவுக்குப் போய்த் திரும்பியது. என் கையும் தானாகத் தலைக்குப் போனது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருத்தரும் அவர் ஏன் வருவதில்லை என்று கேட்கவில்லை, அந்தச் சுகத்தில் நின்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இனி போய்த் திருத்தச் சொன்னால், புருஷன் செத்தான் என்று வாசித்ததைக் கேட்டுக்கொண்டு பூ வைத்த தலையோடு உட்கார்ந்திருந்தவள் என்று ஆகும். திருத்தாமலும் இருக்க முடியாது.

ரீனாவுக்குப் போன் பண்ணினேன். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். லைன் கட்.

வீட்டுக்கு வந்தால் இவர் சபையிலிருந்து முன்னாலேயே வந்து இட்லி ஊற்றி வைத்திருக்கிறார். சட்னி கூட அரைத்திருந்தார்.

"ஓல வாசிச்சாங்களா?"

"ம்."

"எம் பேரு வந்துச்சா?"

"வந்துச்சு."

தட்டில் இட்லியைப் பிட்டார். முகத்தில் ஒரு வெட்கம், பெண் பார்க்க வந்த அன்று இருந்த மாதிரி.

"உள்ள வரமாட்டேன், கேட்டுக்க. ஆனா அடுத்த ஞாயிறு கோயில் கேட்டுக்கு வெளிய வந்து நின்னு கேக்கறேன். எம் பொண்ணு பேரு, எம் பேரு. வெளிய ஸ்பீக்கர் வெச்சிருக்கறாங்கல்ல?"

வைத்திருக்கிறார்கள் என்றேன்.