வெள்ளிக்கிழமை பியானோ

எப்போதும் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தியே வரும் என் அத்தானுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் எல்லாம் நடக்கிறது. சமையல் மட்டும் இன்னும் இரண்டு பேருக்கே ஆகிறது. நம் தமிழ்ச் சபை இப்போதும் டிரென்டனில் அந்தக் கறுப்பினத்தார் ஆலயத்தில்தான் கூடுகிறது. காலையில் அவர்கள், மதியம் நாம். உங்கள் கீபோர்டில் சாமுவேல் அங்கிளின் மகள் வாசிக்கிறாள். பாட்டுப் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே வாசிக்கிறாள். சபைக் கமிட்டிக்குப் பரம திருப்தி.

அவர்களுடைய ஆர்கனிஸ்ட் வால்டர் ஊரில் இல்லாத ஒரு ஞாயிறு, காலை ஆராதனைக்கு நீங்கள் வாசிக்கப் போனது நினைவிருக்கிறதா? பாட்டு முடிந்து போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியதும், பாளையங்கோட்டை வழக்கப்படி ஆர்கனை மூடிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிட்டீர்கள். அவர் ஒரு வாக்கியம் சொன்னார், நிறுத்தினார், உங்களைப் பார்த்தார். நீங்களும் பக்தியோடு அவரைப் பார்த்தீர்கள். அங்கே போதகர் பேசப்பேச ஆர்கன் பதில் சொல்ல வேண்டும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? முன்வரிசை அம்மா ஒருவர்தான் எழுந்து வந்து, அவரைத் தனியாக விட்டுவிடாதே மகனே என்று உங்கள் காதில் சொன்னார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் உங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு ஆலயத்தில் வாசிக்கிற அதே வால்டர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார் வைத்த ஒரு ரெஸ்டாரன்ட்டில் பியானோவில் ஜாஸ் வாசிக்கிறார் என்று தெரிந்ததும், வாராவாரம் அங்கேயும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தீர்கள். நம் கீர்த்தனை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தீர்களாம், அவர் அதை வளைத்து நெளித்துத் திருப்பித் தந்தாராம். ஆபீஸ் களைப்பு அந்த ஒரு நாள் மட்டும் உங்கள் முகத்தில் இருக்காது.

நான் என்ன செய்தேன்? சபையில் ஒரு ஆன்ட்டி, "பார்ல வாசிச்ச கையோட வந்து இங்க ஆமென் வாசிக்கிறாரே, நீ சொல்ல மாட்டியா?" என்று கேட்டதும் எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, "ஒண்ணு அது, இல்ல இது. நீங்களே டிசைட் பண்ணிக்கோங்க" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

போன ஞாயிறு சீக்கிரமே போய்விட்டேன். காலை ஆராதனை முடியவில்லை. வால்டர் வாசித்துக்கொண்டிருந்தார். நீங்கள் வாசிப்பதுபோலவே இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து அழுதேன். முடிந்ததும் அவரிடம், இது ஜாஸா, ஆலயப் பாட்டா என்று கேட்டேன். இரண்டையும் தனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஆர்கன்தான் என்றார். ஞாயிறு இங்கே அழுததைத்தான் வெள்ளிக்கிழமை அங்கே வாசிக்கிறாராம். பிறகு மெதுவாகக் கேட்டார், கடைசிவரை உங்களுக்கு அந்தக் கைவலி சரியாகவே இல்லையா என்று.

எந்தக் கைவலி, அத்தான்?

வாரத்தில் ஒரு நாளுக்குமேல் வாசித்தால் மணிக்கட்டு வலிக்கிறது, அதனால் இனி வெள்ளிக்கிழமை வர முடியாது என்று சொன்னீர்களாமே. அவரிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை நீங்கள். வலியெல்லாம் இல்லை, நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து பாடுங்கள் சிஸ்டர், நான் வாசிக்கிறேன் என்றார்.

என்னை மன்னித்துவிடுங்கள். இந்த வெள்ளிக்கிழமை போகிறேன், பாடுகிறேன். அந்த ஆன்ட்டியையும் கூப்பிட்டிருக்கிறேன், வந்தால் வரட்டும். நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்று இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன்.

இல்லாத வலியை எனக்காகச் சொல்லிக்கொண்டவருக்கு,
உங்கள் மனைவி கிரேஸ்