அத்தான் தட்டிய பதில்கள்

அக்காவுக்கு,

இதைப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் முதலில் யார் பிரிப்பார் என்று உனக்கே தெரியும்.

நேற்று நீ எங்கள் எலும்பு முறிவுப் பிரிவுக்கு வந்தபோது எனக்கு விடுமுறை. இன்றுதான் உன் பதிவைப் பார்த்தேன். வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா? ஆம். யாராவது அடித்தார்களா? இல்லை. ஆபத்தில்லை என்று திரை முழுக்கப் பச்சை. நோயாளிகளே தொட்டுப் பதில் சொல்லும் இந்தத் தொடுதிரை டேப்லெட் வந்த அன்று, இனி அடிபடும் ஒரு பெண்ணும் நம் கண்ணுக்குத் தப்பமாட்டாள் என்று பெரிய டாக்டர் கேக் வெட்டினார்.

வலது கை முறிந்தவள் எப்படித் தட்டினாள் என்று பதிவு மேசைப் பெண்ணிடம் கேட்டேன்.

"உங்க அத்தான்தான் சிஸ்டர் தட்டினாரு. 'பாவம், வலியில துடிக்கிறா, குடும்மா நானே போடறேன்'னாரு. தங்கமான மனுஷன்!"

தங்கம்தான். மாடிப்படியில் விழுந்தாய் என்றும் தட்டியிருக்கிறார். உங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது, அக்கா.

அம்மாவிடம் சொன்னேன். "சும்மா கிளறாதடி. கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லு" என்றாள். அம்மாவும் டேப்லெட் மாதிரிதான், எதைக் கேட்டாலும் பச்சை.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேக்கு வருவாய். அந்த அறைக்குள் கூட வந்தவர்களை விடமாட்டோம். அத்தான் வெளியில்தான் நிற்க வேண்டும். நான் டேப்லெட்டோடு உள்ளே இருப்பேன். அதே கேள்விகள்தான். இடது கையில் ஒரு விரல் போதும்.

உனக்குப் பதில் நானே தட்டிவிடலாம். ஆனால் அத்தான் செய்ததும் அதைத்தானே?

உன் தங்கச்சி