புதூர்க்காரி கொட்டிய தண்ணீர்

அண்ணாச்சிக்கு,

நேற்று நண்பகலில் பாளையங்கோட்டை மார்க்கெட் முக்கில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்று தண்ணீர் குடித்தேன். கேன் தண்ணீர். ஊற்றிக் கொடுக்க ஆள் கிடையாது, குழாயைத் திறந்து நாமே காகித டம்ளரில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தண்ணீருக்கு ருசி என்று ஒன்று இல்லை. உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, பானையின் மண் வாசனையும் இல்லை. டம்ளரைக் கசக்கிப் போடும்போது, "இது தாமிரபரணித் தண்ணி குடிச்ச நாக்கு சார்வாள், இந்த நாக்கு சொல்லுத சாட்சியெல்லாம் எங்க ஊருல செல்லாது" என்று நீங்கள் என்னைக் கிண்டல் செய்தது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நமக்குள் கடிதப் பழக்கம் கிடையாது. நான் உங்களுக்கு அனுப்பியதெல்லாம் நோட்டீஸ்தான்.

எண்பதுகளின் நடுவில் என்னைக் கோவில்பட்டிக்குப் போட்டார்கள். எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் வாடகைக்கு அலுவலகம். சுவரில் 'தூய காற்று, தூய நீர், தூய நிலம்' என்று நீலப் பெயின்டில் எழுதிய பலகை. அதுதான் எங்கள் லட்சியம். தூய காற்று என்ற வரிக்குக் கீழே உட்கார்ந்து கீழ்க்கடையின் பாகு வாசனையை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருப்போம். ஜீப் என்று ஒன்று இருந்தது, டீசல்தான் இருக்காது. ஆகவே உங்கள் பட்டறைக்கு நான் வந்ததெல்லாம் விளாத்திகுளம் பஸ்ஸில்தான்.

நீங்கள் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மிளகாயும் பருத்தியும் மாறி மாறிக் கையைக் கடித்ததில் விவசாயத்தைச் சுருக்கிக்கொண்டு, ரோட்டோரத்து நிலத்தில் சாயப்பட்டறை போட்டவர். மில்லிலிருந்து வரும் நூலுக்குச் சாயம் ஏற்றி, தறி ஓடும் ஊர்களுக்கு அனுப்புவீர்கள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் குடியிருப்பின் ஆண்களும் பெண்களும். அவர்களுடைய நல்ல தண்ணீர்க் கிணறு உங்கள் புஞ்சைக்கு அடுத்த புஞ்சையில் இருந்தது. அந்த வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் வாளியை விட்டாலும் உப்புத்தான் மேலே வரும். அந்த ஒரு கிணறு மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. வேறு ஊர்களிலிருந்து வண்டி கட்டி வந்து மொண்டு போவார்கள்.

முதல் நாள் நான் வந்தபோது ஓடையெல்லாம் சிவப்பும் நீலமுமாக ஓடும் என்று எதிர்பார்த்தே வந்தேன். நீங்களே என்னை ஓடைக்கு அழைத்துப் போனீர்கள். காய்ந்த மணல், இரண்டு ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான்.

"ஒரு சொட்டு விடல சார்வாள். ஊரான் ஆடு மாடு குடிக்க இடத்துல சாயத்த விட நான் என்ன கூறுகெட்டவனா?"

பிறகு உங்கள் ஏற்பாட்டைக் காட்டினீர்கள். சொந்தப் புஞ்சையின் நடுவில் ஒரு பெரிய குழி. பட்டறைக் கழிவுத் தண்ணீர் முழுவதும் வாய்க்கால் வழியாக அதில் வந்து விழுந்தது. கோடையாதலால் சுற்றிலும் கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஒரு வாளி சிவப்புத் தண்ணீரை அள்ளி அந்த வெடிப்பில் ஊற்றினீர்கள். சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. வித்தை காட்டியவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"எங்கே போகுது?" என்று கேட்டேன்.

"பூமிக்குள்ள."

"பூமிக்குள்ள எங்கே?"

"அத நான் எதுக்குக் கேக்கணும்? என் நிலம், என் குழி. கரிசல் எதைக் குடுத்தாலும் குடிச்சிரும் சார்வாள்."

நூலில் சாயம் பிடிக்க உப்புப் போடவேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. அது உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, கரிசல் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்பை மட்டும் கிணற்று ஊற்றுக்கு விட்டுவிடும் என்பது. எனக்கும் அது புத்தகத்தில் படித்த விஷயம்தான். கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்துப் பார்த்து, "கரிக்குதே அண்ணாச்சி" என்றேன். அப்போதுதான் தாமிரபரணி நாக்கு என்று அடித்துவிட்டீர்கள். குடியிருப்புக்காரர்களும் சிரித்தார்கள். தினம் அதையே குடிக்கிறவர்களுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற உப்பு எப்படித் தெரியும்? நீங்களும் அதைத்தான் குடித்தீர்கள், உங்கள் வீட்டுக் குடமும் அதே கிணற்றில்தான் நிறைந்தது. அதனால்தான் உங்களைப் பொய் சொல்கிறவர் என்று என்னால் ஒருநாளும் நினைக்க முடியவில்லை. பிடிவாதக்காரர் என்று நினைத்தேன். கோபமும் நிறைய வந்தது.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். உப்பு ஏறிக்கொண்டே போகிறது என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. நீங்கள் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடிப்பீர்கள். "பளிங்கு கணக்கா இருக்கு பாருங்க. சாயம் இறங்கியிருந்தா செவப்பா இருக்க வேண்டாமா? இந்தச் சீமையில உப்பில்லாத கெணறு எது?" நிறம் இல்லாத அழுக்கை ஒருவரிடம் எப்படிக் காட்டுவது?

கடைசியில் பட்டறையை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸ் வரைக்கும் போயிற்று. நீங்கள் வக்கீல் பார்த்தீர்கள். நூல் அலசுகிற வேலையில் இருந்த ஒரு அம்மாள் என்னை வழிமறித்துக் கேட்டதை நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். "தண்ணி கரிச்சா மோர ஊத்திக் குடிச்சுக்கிடுவோம் சார்வாள். வேலை போச்சுன்னா என்னத்த ஊத்திக் குடிக்க?" அவர் வாதாடவில்லை, நிஜமாகவே கேட்டார். அவர் குடிக்கும் தண்ணீரைக் காப்பாற்றத்தான் நான் வந்திருக்கிறேன் என்று சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

அந்தச் சித்திரையில் நான் நோட்டீஸோடு வந்து இறங்கியபோது நீங்கள் அன்று காலையில்தான் திறந்த உங்கள் தண்ணீர்ப் பந்தலில் நின்றுகொண்டிருந்தீர்கள். வருஷா வருஷம் பட்டறைக்கு முன்னால் ரோட்டோரத்தில் தென்னங்கீற்றுப் பந்தல், மணல் பரப்பி மூன்று பெரிய பானைகள், வெட்டிவேர், பித்தளைச் சொம்பு. கூலிக்கு ஆள் வைக்க மாட்டீர்கள். உச்சி வெயில் நேரத்தில் நீங்களேதான் ஊற்றுவீர்கள். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம், புதூர் போகிற பஸ்களெல்லாம் அங்கே தானாகவே நிற்கும். உப்புத் தண்ணீர் ஊர்களின் சனங்கள் இறங்கி வந்து, வயிறு முட்டக் குடித்து, தூக்குவாளியிலும் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் இருக்கும் களையை நான் வேறு எந்த நேரத்திலும் பார்த்ததில்லை. நோட்டீஸை அப்போது நீட்ட எனக்கு மனம் வரவில்லை. பந்தல் காலில் சாய்ந்துகொண்டு காத்திருந்தேன்.

புதூர் பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கி வந்தவர் ஒரு நடுத்தர வயது அம்மாள். கையில் தூக்குவாளி.

"அண்ணாச்சி, மவ மாசமா இருக்கா. வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல. உங்க பந்தல் தண்ணி வாங்கிட்டு வாம்மான்னு சொல்லி விட்டா."

உங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதுக்கென்ன தாயி, நெறையப் பிடி" என்று தூக்குவாளியை விளிம்பு வரை நிரப்பினீர்கள். "முதல்ல நீ குடி" என்று சொம்பைச் சரித்தீர்கள். அந்த அம்மாள் கையேந்தி ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பி ஓரமாகத் துப்பினார்.

"என்ன அண்ணாச்சி, இந்தக் கரிப்புக் கரிக்கி? எங்க புதூருத் தண்ணியே இதுக்குத் தேவலை."

கோபமாகச் சொல்லவில்லை. ஏமாற்றமாகத்தான் சொன்னார். பிறகு தூக்குவாளியைக் கவிழ்த்து முழுவதையும் ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு, முந்தானையால் உள்ளே துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். பின்னால் இறங்க இருந்தவர்களில் சிலர் படியிலேயே நின்றுவிட்டார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

என் நாக்கைத் தள்ளிவிடலாம். புதூர்க்காரி நாக்கை எப்படித் தள்ளுவது? பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரையே குடித்த நாக்கு. நீங்கள் சொம்பில் மிச்சமிருந்ததைக் குடித்தீர்கள். அடுத்த பானையில் மொண்டு குடித்தீர்கள். மூன்றாவதிலும் குடித்தீர்கள். என்னைப் பார்க்கவே இல்லை. பட்டறைக்குள் போனீர்கள். சற்று நேரத்தில் வாய்க்கால் மடையில் மண்ணை வெட்டிப் போடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "அந்த நோட்டீஸக் குடுங்க" என்றீர்கள். வக்கீலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் கணக்கு. ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அண்ணாச்சி.

அதற்குப் பிறகு நடந்தவை எங்கள் அலுவலகத்தின் லட்சியங்களுக்கே சோதனை. குழியை மூடிவிட்டு, தரையில் கல் பாவி சிமென்ட் பூசி, அகலமான ஆழமில்லாத தொட்டி கட்டினீர்கள். கழிவுத் தண்ணீர் வெயிலில் காய்ந்து போகும், அடியில் உப்பும் சாயமும் கலந்த பொருக்கு மிஞ்சும். பட்டறை நின்றிருந்த மாதங்களில் அலசுகிறவர்களில் பாதிப் பேர் தீக்குச்சி அடுக்கத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் போய்விட்டார்கள். மோர் கேட்ட அம்மாளும் போய்விட்டார். மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டீர்கள். சரி, தண்ணீர் தப்பித்தது. பொருக்கை என்ன செய்வது? பஞ்சுக் கழிவோடு சேர்த்து ஒருநாள் எரித்துப் பார்த்தீர்கள். மஞ்சளும் பச்சையுமாகக் கிளம்பிய புகை காற்றுவாக்கில் போகவே, பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தவர்கள் எல்லோரும் தீ என்று நினைத்து வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அவர்கள் உங்களை வைத ஏச்சை இங்கே எழுத முடியாது. நானும் என் பங்குக்குக் காற்றைப் பற்றி ஒரு நோட்டீஸ் அனுப்பினேன்.

மறுநாளே மாடியேறி அலுவலகத்துக்கு வந்துவிட்டீர்கள். பலகையை நிதானமாக வாசித்தீர்கள்.

"காத்துல விடக்கூடாது. தண்ணியில விடக்கூடாது. மண்ணுல புதைக்கக்கூடாது. எல்லாம் சரிதான் சார்வாள், நான் ஒத்துக்கிடுதேன். அப்போ இத எங்கன கொண்டு வைக்க?"

எங்கள் ஆட்களில் காற்றைப் பார்க்கிறவர் தண்ணீரைப் பார்க்கிறவரைப் பார்த்தார். கடைசியில் நான்தான் சொன்னேன்: "உங்ககிட்டயே வைங்க அண்ணாச்சி. நனையாம வைங்க. ஒரு இடம் ஏற்பாடு பண்ணிச் சொல்றோம்." நீங்கள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனீர்கள். இடம் கேட்டு மேலே எழுதினேன். மாற்றல் வரும் வரை எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்துகொண்டே இருந்தது.

மாற்றலுக்கு முன்னால் உங்களைப் பார்க்க வந்தபோது அடுத்த கோடை. ரோட்டோரத்தில் பந்தலைக் காணோம். ஏன் போடவில்லை என்று கேட்டேன். "பானையத் தொட்டா அந்தப் பிள்ளைத்தாச்சி ஞாபகம் வருது" என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு நீங்கள் பந்தல் போடவே இல்லை என்று கேள்விப்பட்டேன். சில மழைகளுக்குப் பிறகு கிணறு கொஞ்சம் தேறியது. பழைய ருசிக்குத் திரும்பவில்லை. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அதைக் குடிக்க ஆளில்லை.

நீங்கள் போன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. துக்கம் கேட்கக் காரியமெல்லாம் முடிந்த பிறகே வந்தேன். பட்டறை நின்று பல வருஷம் ஆகிவிட்டதாம். உங்கள் மகன் என்னைப் பின்பக்கத்துக் கொட்டகைக்கு அழைத்துப் போய்ப் பூட்டைத் திறந்தார். மரச்சட்டம் போட்டுத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரோரமாக அடுக்கிய சாக்குகள். எல்லாம் அந்தப் பொருக்கு. பழைய சாக்கு இற்றுப்போனவற்றை உள்ளே வைத்துப் புதுச் சாக்கில் தைத்திருந்தது.

"கடேசி வரைக்கும் அப்பா இதுக்குத் தகரம் மாத்திக்கிட்டே இருந்தாவ சார்வாள். வீட்டு ஓடு ஒழுகிச்சு, அத மாத்தல. இத மாத்துனாவ. சார்வாள் வந்து ஒரு இடம் சொல்வாவ, அதுவரைக்கும் நனையக்கூடாதுன்னு எங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்காவ." சாக்கு அடுக்கைக் காட்டிக் கேட்டார். "எங்கன கொண்டு போட?"

ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆன பிறகு, உங்கள் கேள்வி உங்கள் குரலிலேயே வந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு. மறைக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை தம்பி, இன்னும் யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஒரு தகரத்தின் ஆணி கழன்று விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் கூடியிருந்தது.

"இருங்க, வாரேன்" என்று போய் ஏணியும் சுத்தியலும் கொண்டுவந்தார். ஏணி பழசு, ஆடியது. அவர் ஏறி ஆணி அடிக்கும் வரை, கீழே நின்று அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.